பூங்காவனத்துக்கு நான் படித்துக் காட்டிய கடுதாசி

சீனு,

நான் சௌக்கியமா என்று நீ கேட்க வேண்டாம். நீ சௌக்கியமா என்று நானும் கேட்கப்போவதில்லை. உன் இரண்டாவது கோச்சிங் சென்டரின் திறப்பு விழாப் பத்திரிகை வந்து சேர்ந்தது. வழவழவென்று கனமான அட்டை, மேலே ஏழுமலையான் படம், கீழே என் படம். பெருமாளோடு ஒரே அட்டையில் என்னைப் போட உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. 'மண்டலத்திலேயே முதல் மாணவனாக விடுதிப் பள்ளிக்குத் தேர்வான மகனை ஆளாக்கிய அன்னை குத்துவிளக்கு ஏற்றுவார்' என்று தெலுங்கில் அச்சடித்திருக்கிறாய். மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று போனிலும் சொன்னாய். நான் வரப்போவதில்லை. பேச வேண்டிய இரண்டு வார்த்தையை இதில் எழுதிவிட்டேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

தமிழில் ஏன் எழுதினாள் கிழவி என்று நீ முகத்தைச் சுளிப்பாய். தமிழ் பேசுவாயே தவிர ஓர் எழுத்து உனக்குப் படிக்கத் தெரியாது. அது உன் தப்பில்லை, நான் செய்தது. நம் ஊர்த் தமிழ்ப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே உன்னைத் தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த ஊர்த் தெலுங்குப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். எனக்கு இரண்டு எழுத்தும் தெரியும். தெலுங்கில் எழுதினால் நீ கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்துவிட்டு டிராயரில் போட்டுவிடுவாய். போனில் சொன்னால் பாதியிலேயே 'கிளாஸ் இருக்குதுமா' என்று வைத்துவிடுவாய். தமிழில் எழுதினால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். அது யார் என்பதையும் நானே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கவரை உன் கையில் கொடுத்தாளே, நம் பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் மகள் கங்கா, அவளே படிப்பாள். அவளை உட்கார வை. போன மாதம் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தாயாமே.

கங்கா, நீ படி. சிபாரிசுக் கடிதம் என்று சொல்லித்தான் உன்னிடம் இதைக் கொடுத்தேன். அது பொய். இந்த அத்தை உனக்குச் சொன்ன முதல் பொய்யும் அது இல்லை. நடுவில் நிறுத்தாதே. ஒரு வரியைக்கூட விடாதே. எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைப் படித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் இதில் எழுதியிருக்கிறேன்.

சீனு, போன மாதம் நடந்ததை இவள் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. கங்கம்மா ஜாத்திரைக்கு ஊருக்கு வந்தவள், என் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு போனுக்குள் பொடிப்பொடி சாமானாகப் பொருத்துகிற வேலை அவளுக்கு. ஒரு நாள் லீவு போட்டு, ஐந்தாவது படிக்கும் மகள் கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு, வாழ்க்கைப்பட்ட சத்தியவேட்டிலிருந்து பஸ் மாறி மாறி, திருப்பதி அலிபிரி ரோட்டில் இருக்கும் உன் சென்டருக்கு வந்திருக்கிறாள். விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு நீ பயிற்சி கொடுக்கிறாய் என்று ஊரே சொல்கிறதே. நீ அந்தக் குழந்தைக்கு ஒரு பேப்பர் கொடுத்து எழுத வைத்தாய். தெலுங்கில் கேள்வி. தமிழ்ப் பள்ளியில் படிக்கிற குழந்தை அது, கணக்கைப் போட்டுவிட்டது, கேள்வி புரியாத இடத்தில் விட்டுவிட்டது. நீ பேப்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'பேஸ் லேதம்மா, அஸ்திவாரமே இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்' என்றாய். ஐந்தாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அந்தத் தேர்வை எழுத முடியும் என்பது உனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தானே சோறு தின்கிறாய்.

"சீனு நல்லாத்தான் பேசுனாரு அத்தே," என்றாள் இவள். "பாப்பாவுக்கு டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. அவரு ஆஸ்டலுக்குக் கொண்டுபோன இரும்புப் பொட்டிய கண்ணாடிக்குள்ள வெச்சிக்கிறாரு, பாத்தேன். எனக்கு அத்தப் பாத்ததும் சந்தோசமா பூட்சி." கீரை ஆய்கிற கையை நிறுத்தாமல் சொன்னாள். இவளைப் பாவம் பார்த்தேன் என்று நினைக்காதே. எனக்கு உன்மேல் அருவருப்பாக இருந்தது, உன்னில் நான் செய்து வைத்திருப்பது அப்படியே தெரிந்ததால்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். நான் சித்தூரில் வளர்ந்தவள், எட்டாவது வரை தெலுங்கில் படித்தவள். தமிழ் எழுத்தை வாரப் பத்திரிகை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். குடுபல்லி பக்கத்தில், ஆந்திர எல்லையில் இருக்கும் இந்தக் கடைக்கோடித் தமிழ் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, இங்கே யாருக்கும் தெலுங்கு படிக்கத் தெரியாது. பேசுவார்கள், சந்தையில் சண்டை போடுவார்கள், படிக்க மாட்டார்கள். ஆனால் அரசாங்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு காகிதமும் தெலுங்கில்தான் வரும். பட்டா நோட்டீஸ், ரேஷன் கார்டு, கரண்ட் பில், கோர்ட் சம்மன், எதுவானாலும் என் வாசலுக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னதுதான் இந்த ஊருக்கு அரசாங்கம். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? உன் நைனா கல்குவாரியில் துளை போடும் கூலிக்காரர், நமக்குக் காணி நிலம் கிடையாது, ஆனாலும் கையில் காகிதத்தோடு நாலு பேர் எப்போதும் என் முன்னால் நிற்பார்கள்.

உனக்குப் பத்து வயதானபோது அந்த விடுதிப் பள்ளியின் தேர்வு வந்தது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து மண்டலத்துக்கு மூன்றே இடம். சோறு, துணி, புத்தகம், படுக்கை எல்லாம் இலவசம், பன்னிரண்டாவது வரை. அந்த நாளில்தான் நம் ஊர் ஆண்கள் பொழுது விடியும் முன் ரயிலேறி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் இருந்தால் குவாரி, ரயிலேறினால் சிமெண்ட் மூட்டை, இரண்டும் உனக்கு வேண்டாம் என்று நான் வெறி பிடித்தவளாக இருந்தேன். தினமும் சாயங்காலம் உன்னை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கங்கா தானாகவே வந்து பின்னால் உட்காருவாள். நான் துரத்தவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நீ ரோஷப்பட்டுப் படிப்பாய் என்று விட்டு வைத்தேன். நீ விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் விடையைச் சொல்லிவிடுவாள். "வாய மூடுடீ, அவன் சொல்லட்டும்," என்று அதட்டுவேன். அதற்கப்புறம் விடையைத் தரையில் விரலால் எழுதி, பாவாடையால் மூடி வைத்துக்கொள்வாள். நீ சொன்ன பிறகு மெதுவாகத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பாள். பல நாள் உன் விடையும் அவள் விடையும் ஒன்றாக இருக்காது. எது சரி என்று எனக்குத் தெரியும்.

குப்பம் டவுனில் தேர்வு நடந்த அன்று உங்கள் இரண்டு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நீ தெலுங்கில் எழுதினாய், அவள் தமிழில். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே தாய்மார்கள் கூட்டம். ஒருத்தி டவுனில் கடை வைத்திருப்பவள், இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்பதால், தன் மகனையும் அப்படிக் காட்ட மூன்று வருஷமாக ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியில் பெயரை எழுதி வைத்திருந்தாள். இன்னொருத்தி மகனின் வயதை இரண்டு வருஷம் குறைத்துப் போட்டிருந்தாள். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அதையெல்லாம் வெட்கமில்லாமல், ஊறுகாய் பக்குவம் சொல்வதைப் போல ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யோக்கியமாக நிமிர்ந்து நின்றேன். எங்களில் ஒருத்திக்குக்கூட, இத்தனை பிள்ளைகளுக்கு மூன்று இடம்தானா, மிச்சப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒழுங்காக வாத்தியாரைப் போடுங்கள் என்று மண்டல ஆபீசில் போய்க் கத்தத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளை அந்த மூன்றில் ஒன்று என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தோம். மற்றப் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு என்ன வந்தது.

கோடை லீவில் முடிவு வந்தது. முதலில் உனக்கு வந்தது. நீ தேர்வாகவில்லை, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது என்று எழுதியிருந்தது. அதாவது மண்டலத்தில் நீ நான்காவது. முதலும் இல்லை, முதல் மூன்றுக்குள்ளும் இல்லை. 'நீதான்டா ஃபர்ஸ்டு' என்று பின்னால் உன்னிடம் சொன்னவள் நான். அதை நம்பித்தான் இன்றைக்குத் திருப்பதி முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டி வைத்திருக்கிறாய். உன் காகிதத்தை, தெலுங்கு படிக்கத் தெரிந்த உனக்குக்கூடக் காட்டாமல், அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, வெயில் கொளுத்துகிற நேரத்தில், பூங்காவனம் ஒரு பழுப்புக் கவரை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்தாள். கங்கா அவள் பின்னால் வந்தாள்.

"எக்கா, கெவுர்மெண்டு கடுதாசி வந்துகீது. போஸ்ட்மேனு குட்த்துட்டுப் போனாரு. இன்னா போட்டுகீறாங்கோன்னு கொஞ்சம் படிச்சி சொல்லுக்கா," என்றாள். உட்காரக்கூட இல்லை.

கங்கா, நீ படிப்பதை இங்கே நிறுத்த நினைப்பாய். நிறுத்தாதே.

கவரைப் பிரித்தேன். 'குமாரி கங்கா, மேற்படி மண்டலத்திலிருந்து முதலாவதாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார்' என்று எழுதியிருந்தது. இன்ன தேதிக்குள் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை மனசுக்குள் இரண்டு தடவை படித்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இருக்காது. யோசித்து யோசித்து மனம் கலங்கிச் செய்தேன் என்று சொன்னால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அப்படி எதுவும் இல்லை. பட்டா நோட்டீஸைப் படித்துச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"கெடைக்கலியாம் பூங்காவனம். மார்க்கு பத்தலியாம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காகிதத்தைப் பார்க்கவில்லை. அதில்தான் ஒன்றும் தெரியாதே அவளுக்கு. "நான் நல்லாத்தான் எய்தினேன் அத்தே," என்றாள் கங்கா. "எல்லாரும் அப்படித்தான்டீ சொல்லுவாங்க," என்றேன் நான். பத்து வயதுக் குழந்தையிடம் சொன்னேன். பூங்காவனம் திரும்பினாள், என் வாசலில் கிடந்த துடைப்பத்தையே எடுத்து இவளைப் போட்டு அடித்தாள். "ராவும் பகலும் படிச்சிக்கினு கீறேன்னு ஏமாத்திக்கினு இருந்தியாடீ? உங்க நைனா பெங்களூர்ல மண்ணு சுமக்கறாருடீ," என்று அழுதுகொண்டே அடித்தாள். நான் தடுத்தேன். தடுக்கிற மாதிரி தடுத்தேன். இவள் அழவில்லை, 'நல்லாத்தான் எய்தினேன், நல்லாத்தான் எய்தினேன்' என்று அடிக்கு ஒரு தடவை சொன்னாள். அடித்து ஓய்ந்த பிறகு பூங்காவனத்துக்கு மோர் கலக்கிக் கொடுத்தேன். அவள் கடுதாசியைத் திரும்பக் கேட்கவே இல்லை. கிடைக்காத இடத்தின் காகிதம் எதற்கு அவளுக்கு?

யாருக்கும் தெரியாமல் போயிற்றா என்று கேட்பாய். தமிழ்ப் பள்ளியின் ஒற்றை வாத்தியார் அந்தக் கோடையில் மாற்றலாகிப் போயிருந்தார், அடுத்தவர் வர ஐப்பசி ஆயிற்று. மண்டல ஆபீஸ் பலகையில் பட்டியல் ஒட்டியிருப்பார்கள், தெலுங்கில். பூங்காவனம் அங்கே எதற்குப் போகிறாள்? சனிக்கிழமை ரயிலில் வந்த இவள் நைனா, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். கடுதாசியை அடுப்பில் போடலாம் என்று கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து உன் நைனா குவாரியிலிருந்து வந்துவிட்டார். "இன்னாமே அது, யாருது?" என்றார். "உம் புள்ளைதுதான், இஸ்கூல்லருந்து வந்துகீது," என்றேன். அவர் கல்தூசி படிந்த கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவிவிட்டு, "பத்ரமா வையிமே, கெவுர்மெண்டு காய்தம்," என்று திருப்பிக் கொடுத்தார். அது என்ன என்று தெரியாமலேதான் அவர் செத்தார். அதற்கப்புறம் எனக்கு அதை எரிக்கத் தைரியம் வரவில்லை. எங்கே வைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேதி தாண்டியது. உனக்கு இரண்டாவது கடிதம் வந்தது, இடம் உனக்கு. ஊருக்கே சர்க்கரை கொடுத்தேன். நீ புறப்படுவதற்கு முந்தின நாள் பூங்காவனம் ஒரு இரும்புப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். பச்சை பெயிண்ட் அடித்த புதுப் பெட்டி. முடிவு வரும் முன்பே, மகளுக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று நம்பி இவள் நைனா பெங்களூரில் வாங்கி ரயிலில் கொண்டுவந்தது. "வூட்ல சும்மாதான கெடக்குது. சீனு எட்துக்கினு போவட்டும்கா," என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கங்கா பஸ் வரைக்கும் வந்தாள். பெட்டியின் ஒரு பக்கக் காதை நீ பிடித்தாய், மறு பக்கத்தை அவள் பிடித்தாள். நீ பஸ்ஸில் ஏறிய பிறகும் அவள் கை பெட்டியிலிருந்து எடுபடவில்லை. "உடுடீ," என்று நான்தான் கையைத் தட்டிவிட்டேன். இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது.

அந்த இடத்தை வாங்கிக்கொண்டு நீ என்ன செய்தாய்? அதையும் பேசிவிடுவோம். ஏழு வருஷம் அரசாங்கச் சோறு தின்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாய். என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாய். ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கற்கிறேன் என்று போய், உடம்பு பெருத்து வந்தாய். கடைசியில் உன்னிடம் மிஞ்சியது அந்தப் பள்ளியில் படித்தவன் என்கிற பெயர் ஒன்றுதான். அதை வைத்துக் கடை போட்டாய். தாய்மார்கள் தாலியை அடகு வைத்துப் பிள்ளைகளை உன்னிடம் விடுகிறார்கள். நீ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இவனுக்கு வரும், இவளுக்கு வராது என்று கையைக் காட்டுகிறாய். 'திறமை இருந்தா எங்க இருந்தாலும் மேல வருவாங்கம்மா' என்று என்னிடமே ஒரு நாள் சொன்னாய். நான் தலையாட்டினேன். உன் திறமை எந்தக் கடையில் வாங்கியது என்று எனக்கல்லவா தெரியும்.

உன் அளவுக்குத் திறமை இல்லாத இவள் என்ன ஆனாள் என்று கேள். ஆறாவதுக்குத் தினமும் குடுபல்லிக்கு நடந்தாள். ஹைஸ்கூலில் தமிழ் செக்‌ஷனுக்கு இரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரே கிடையாது. தெலுங்கு செக்‌ஷன் வாத்தியார் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நீ விரல் மடக்கும் முன் விடை சொன்னவள், பத்தாவதில் கணக்கில்தான் தோற்றாள். அந்தச் செய்தி கேட்ட அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குத்தான் பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். பார்த்தாயா, அங்கே போயிருந்தாலும் இவள் தேறியிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் தோற்றதில் நெஞ்சு குளிர்ந்த பொம்பளையைத்தான் நீ பெருமாளுக்குக் கீழே அச்சடித்திருக்கிறாய். சத்தியவேட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கம்பெனி வந்தது, வேலைக்குப் போனாள். இன்றைக்கும் ஊருக்கு வந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறாள். என் கண்ணில் புரை விழுந்த பிறகு எனக்கு மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்கிறவள் இவள்தான். காலையில் எது, ராத்திரியில் எது என்று இரண்டு தடவை படிப்பாள். ஒரு தடவைகூட மாற்றிப் படித்ததில்லை.

வருத்தப்படுகிறாயா அம்மா என்று நீ கேட்கலாம். உண்மையைச் சொல்கிறேன். மறுபடியும் அந்தக் கோடை வந்து, மறுபடியும் பூங்காவனம் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்தால், நான் அப்படியேதான் படிப்பேன் என்று நினைக்கிறேன். நீ என் பிள்ளை. உன்னைக் குவாரிக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் கங்காவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் எழுதவில்லை. மறுபடியும் செய்வேன் என்கிறவள் கேட்கிற மன்னிப்புக்கு என்ன மதிப்பு? நேரில் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் வாயாலேயே அவளைப் படிக்க வைத்து, அவள் முகத்தை நான் பார்க்காமல் தப்பித்துக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் செய்ததைவிட இது கொடுமை என்று தெரிந்துதான் செய்கிறேன். பூங்காவனம் இப்போது என் வீட்டுச் சுவரின் அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்து முடித்ததும் இவள் தன் அம்மாவுக்குப் போன் போடுவாள். அந்த இருமல் நிற்கும். அதற்கப்புறம் என் கதவு தட்டப்படும். நான் வீட்டில்தான் இருப்பேன். துடைப்பம் வாசலிலேயே கிடக்கிறது.

உன்னிடம் எனக்கு இரண்டே வேலை இருக்கிறது. கீர்த்தனாவுக்கு இடம் கொடு என்று கெஞ்ச மாட்டேன். நீ கொடுக்கிற இடம் அந்தக் குழந்தைக்கு வேண்டுமா என்பதை இவள் முடிவு செய்வாள். நீ கீர்த்தனாவுக்கு எழுதக் கொடுத்த பேப்பரை எடு, தமிழில் கேட்டு மறுபடியும் எழுத வை, வந்த மார்க்கை வந்தபடி சொல். அது ஒன்று. உன் வாயால் ஒரு நல்ல காரியம் ஆகட்டும்.

இன்னொன்று, உன் மேஜைக்குப் பின்னால் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாயே அந்தப் பச்சைப் பெட்டி, 'சார் கொண்டுபோன பெட்டி' என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறாயே, அதை வெளியே எடு. மூடியைத் திற. துரு உன் சட்டையில் படக்கூடாது என்று சாக்குச் சொல்லி மூடியின் உள்பக்கம் பழைய காலண்டர் தாளை மைதா மாவுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், லட்சுமி படம் போட்டது. நீ புறப்படுவதற்கு முந்தின நாள் ஒட்டினேன். அதைக் கிழி. பசை காய்ந்திருக்கும், மெதுவாகக் கிழி. பின்னால் இருக்கும் கடுதாசி கிழிந்துவிடக்கூடாது. ஏழு வருஷம் அதைத் தினமும் திறந்து மூடிச் சட்டை எடுத்திருக்கிறாய்.

கங்காவுக்கு இப்போது தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இருந்தாலும் அவள் கையில் கொடுத்துவிடாதே. எழுந்து நில், நீ படி. அவள் பெயரிலிருந்து ஆரம்பி. என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படி.

அம்மா